மழை மாதத்தில் கைக்கு வந்த மண்

வீட்டுச் சாவி நல்ல மாதம் பார்த்தா நம் கைக்கு வருகிறது? வழக்கறிஞர், வங்கி, பழைய வீட்டுக்காரர் என்று மூவரும் ஒத்துவரும் நாளில்தான் வருகிறது. அந்த நாள் பெரும்பாலும் நவம்பரில், குடை பிடித்துக்கொண்டு கேட்டைத் திறக்கும் ஒரு மாலையாக அமைந்துவிடுகிறது. அடுத்தாற்போல் மார்கழி. மார்கழியில் பால் காய்ச்ச மாட்டோம். ஆக, சாவி கையில் இருக்கும்; குடிபோவது தையில். இடையில் இரண்டு மாதம் வீடு சும்மா கிடக்கும். வீட்டைச் சுற்றியுள்ள மண் மட்டும் சும்மா இருக்காது. மழையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிடும்.

இந்த இரண்டு மாதத்தைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். புதுத் தோட்டம் ஒன்றைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல காலம் கிடையாது என்பது என் கட்சி.

தோட்டம் என்ற சொல்லே நம் நாட்டில் கொஞ்சம் சிக்கலானது. 'தோட்டத்தில் பிறந்தவர்' என்றால் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்று யாரும் நினைப்பதில்லை. ரப்பர் தோட்டம், செம்பனைத் தோட்டம், லயத்து வீடு எல்லாம்தான் கண்முன் வரும். அந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, மரவள்ளி, நாலு வாழை இல்லாத வீடு அரிது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனபோது அந்தப் பின்பக்க மண்ணும் போயிற்று. அதனால் இன்று முப்பது வயதுப் பிள்ளைகள் ஒரு மூலை வீடு வாங்கும்போது, மண் கிடைப்பது அவர்களுக்கு ஒரு செய்தி, உடன் வரும் பெற்றோருக்கு வேறு செய்தி.

என் அண்ணன் மகன் கிள்ளானில் வாங்கியிருப்பது அப்படி ஒரு வீடு. வரிசையின் கடைசியில் நிற்கும் இரட்டை மாடி மூலை வீடு. பக்கவாட்டில் மூன்று மீட்டர் அகலத்துக்கு நீளமாக மண். வீட்டைப் பார்த்த அன்றே அண்ணி அந்த மண்ணில் கறிவேப்பிலை, மிளகாய், வாழை எல்லாம் நட்டு முடித்துவிட்டார், மனத்தில்தான். மகனோ குத்தகையாளரை அழைத்து முழுவதும் சிமெண்டு போட விலை கேட்டுவிட்டான்.

"அத்தை, அங்க வெயிலே அடிக்கல. எது போட்டாலும் அழுகிடும். கொசு, பாம்பு வேற. பேசாம சிமெண்டு போட்டுட்டா கூட்டித் தள்ள சுலபம்" என்றான்.

அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. டிசம்பரில் அந்த இடத்தில் வெயில் இல்லைதான். ஆனால், அது டிசம்பரின் கதை.

நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியன் எப்போதும் தலைக்கு மேல்தான் என்று பள்ளியில் படித்ததை அப்படியே வைத்திருக்கிறோம். கோலாலம்பூர் வட்டாரம் வடக்கு 3 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21, 22 வாக்கில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 26 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். ஜூன் மாதத்தில் 20 பாகை வடக்கே சாயும். நம் பெரியவர்கள் தட்சிணாயனம், உத்தராயணம் என்று சொன்னது இந்தப் போக்குவரத்தைத்தான். ஏழு மீட்டர் உயரச் சுவர் டிசம்பர் நண்பகலில் வடக்குப் பக்கம் மூன்றரை மீட்டர் நிழல் போடும். அண்ணன் மகன் வீட்டுப் பக்கவாட்டு மண் வடக்கில்தான் இருக்கிறது. மூன்று மீட்டர் மண்ணும் நிழலுக்குள் போய்விடுகிறது. மார்ச் நடுப்பகுதிக்குள் அதே சுவரின் நிழல் ஒரு மீட்டருக்கும் குறையும். ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை அந்த இடம் நல்ல வெயில். மிளகாய்க்கு இன்னும் என்ன வேண்டும்?

உங்கள் தோட்டம் தெற்குப் பக்கம் என்றால் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். இப்போது வெயில் கொட்டும் இடம் ஜூன் மாதத்தில் நிழலாகிவிடும். வீவக தாழ்வாரத்தில் சட்டி வைப்பவர்களுக்கும் இதே கதைதான். தெற்கு நோக்கிய தாழ்வாரத்தில் செப்டம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரைதான் நேர் வெயில் கிட்டும். 'போன மாதம் வரை நன்றாகப் பூத்தது, என்ன கண்பட்டதோ' என்று சொல்லும் பல செடிகளுக்குப் பட்டது கண் இல்லை, நிழல். கைப்பேசியில் திசைகாட்டி இருக்கிறது; ஒரு நிமிட வேலை.

அடுத்தது தண்ணீர். இதைத்தான் மழை மாதத்தில் மட்டும் பார்க்க முடியும். வெயில் காலத்தில் வாங்கிய தோட்டம் தன் குறையை மறைத்துக்கொள்ளும். நல்ல மழை விட்டதும் குடையோடு ஒரு சுற்று வாருங்கள். எங்கே தேங்கி நிற்கிறது? இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். பப்பாளியின் வேர் ஓரிரு நாள் தேங்கிய நீரைக்கூடத் தாங்காது. முருங்கையும் கறிவேப்பிலையும் ஈரக்காலோடு நிற்க விரும்பாதவை. அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் கங்கோங், பாண்டான், சேம்பு போன்றவை வாழும். வாழைக்கு ஈரம் பிடிக்கும், ஆனால் குளம் பிடிக்காது. மேடு கட்டித்தான் நட வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். அண்ணன் மகன் வீட்டில் பின்கூரைக் குழாய் நேரே அந்தப் பக்கவாட்டு மண்ணில்தான் இறங்குகிறது. 30 சதுர மீட்டர் கூரை, ஒரு மாலையில் 50 மில்லிமீட்டர் மழை என்று வையுங்கள். 1,500 லிட்டர் தண்ணீர். மண் அதில் ஒரு பகுதியைக் குடித்துவிட்டு மீதியை மெல்லக் கால்வாய்க்கு விடுகிறது. மொத்தமாகச் சிமெண்டு போட்டால் அந்த 1,500 லிட்டரும் சில நிமிடங்களில் எங்கேயாவது போயாக வேண்டும். சமையலறைக் கதவின் படி அங்கே நாலு விரல் உயரம்தான். மழையில் நின்று இதை அவனே பார்த்தான். குத்தகையாளர் விலை கொடுத்தது வெயில் நாளில். சரிவு, வடிகால் எதுவும் அந்தத் தாளில் இல்லை.

2021 டிசம்பர் 18க்குப் பிறகு கிள்ளான், ஷா ஆலம் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக்கூரை வரை ஏறிய வெள்ளத்துக்கு ஒரு கைப்பிடி தோட்டம் அணை போடாது, உண்மைதான். ஆனால், ஒவ்வொரு மாலை மழையும் பேரிடர் அல்லவே. அன்றாட மழைக்கு மண் செய்யும் வேலையைச் சிமெண்டு செய்யாது. வெள்ளம் வந்துபோன மண் என்றால் ஒரு எச்சரிக்கை: வெறுங்கையால், வெறுங்காலால் அதில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் இருக்கும். கையுறையும் ரப்பர் பூட்சும் போட்டுக்கொள்ளுங்கள். கையில் காயம் இருந்தால் அந்த வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

சரி, மண்வெட்டியை எப்போது எடுப்பது?

இங்கேதான் அவசரப்படுகிறோம். விடுமுறை நாளில் ஆள் கூடியிருக்கும்போது கொத்திப் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். சப்பாத்தி மாவுபோல் உருண்டை பிடித்து, விரலால் தட்டினாலும் உடையாமல் இருந்தால் கொத்தாதீர்கள். ஈரக் களிமண்ணைக் கொத்தினால் அதிலுள்ள காற்றுத் துளைகள் நசுங்கிப்போகும், காய்ந்ததும் செங்கல். தட்டியதும் பொலபொலவென்று உதிர்ந்தால் கொத்தலாம். அதுவரை அதன்மேல் நடப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பழைய பலகையைப் போட்டு அதன்மேல் நடப்பது லயத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த வழி.

கொத்தாவிட்டாலும் ஒரே ஒரு குழி தோண்டிப் பாருங்கள், ஒன்றரை அடி ஆழத்துக்கு. புதிய வீடமைப்புப் பகுதிகளில் மேலே புல், கீழே நாலு விரல் செம்மண், அதற்கும் கீழே உடைந்த ஓடு, சிமெண்டுக் கட்டி, சில இடத்தில் குத்தகையாளரின் மத்தியான உணவுப் பொட்டலம் வரை கிடைக்கும். குழியிலிருந்து எடுத்த மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிறைத்து, இரண்டு சொட்டு பாத்திரச் சவர்க்காரம் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும். வண்டல் சில மணி நேரத்தில். களி மறுநாள் வரை கலங்கியே நிற்கும். மூன்று அடுக்கையும் அளந்து பார்த்தால் உங்கள் மண்ணின் சாதகம் கையில். பிள்ளைகள் இருந்தால் இதை அவர்களிடம் விட்டுவிடுங்கள், மகிழ்ச்சியாகச் செய்வார்கள். கிள்ளான் வீட்டில் போத்தல் மூன்றாம் நாளும் கலங்கலாகத்தான் இருந்தது. கடலோரக் களி, வேறெப்படி இருக்கும்?

நம் நாட்டு மண் பெரும்பாலும் புளிப்பு என்பதால் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். சிமெண்டுத் துண்டுகள் கலந்த மண்ணுக்கு அது பொருந்தாமல் போகலாம். சிமெண்டே சுண்ணாம்புத் தன்மை கொண்டது. நர்சரியில் விற்கும் சோதனைத் தாளால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள். உரம் வேண்டவே வேண்டாம், இப்போதைக்கு. கொட்டும் மழையில் போட்ட உரம் கால்வாய்க்குத்தான் சத்து. வெட்டிய புல், காய்ந்த இலை, கிழித்த அட்டைப்பெட்டி ஆகியவற்றால் மண்ணை மூடி வையுங்கள். மழைத்துளி நேரே அடித்து மண் இறுகாது, மண்புழுவும் வரும், லாலாங் புல்லும் தலைதூக்கச் சிரமப்படும். லாலாங்கின் கிழங்குவேர் ஒரு துண்டு மிஞ்சினாலும் மறுபடி முளைக்கும். கொத்திவிடுவதால் அது ஒன்று பத்தாகும், அவ்வளவுதான்.

களை என்று நினைத்து எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அடையாளம் தெரியாததைத் தொடாமல் விடுங்கள், தெரிந்தவர் ஒருவர் வரும்வரை. கீழாநெல்லி, வல்லாரை, பொன்னாங்கண்ணி மூன்றும் இந்த மழையில் தாமாகவே வரும். கிள்ளான் வீட்டில் வேலியோரம் இலை பழுத்துச் சாய்ந்து கிடந்த ஒரு கொத்தைக் குப்பையில் போட மருமகள் கையை வைத்தாள். அண்ணி ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். மஞ்சள்! பழைய வீட்டுக்கார அம்மாள் நட்டுவிட்டுப் போனது. மஞ்சள் விளைந்ததும் இலை அப்படித்தான் மடியும். அது சாவு இல்லை, கீழே கிழங்கு தயார் என்று பொருள். கருணைக்கிழங்கும் அப்படியே. பொங்கல் பானைக்கு அந்தக் கொத்து போதும் என்று அண்ணி அதைச் சுற்றி நாலு கல் வைத்துவிட்டார்.

முன்வாசலில் ஒரு மாமரம் வேறு. காய்ப்பதே இல்லை, வெட்டிவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் இலவச ஆலோசனை கொடுத்தார். மா பூப்பதற்குத் தொடர்ந்து சில வாரம் வறட்சி வேண்டும். பெர்லிஸ் ஹாருமானிஸ் புகழ் பெற்றதற்கு அங்குள்ள தெளிவான வறண்ட பருவமும் ஒரு காரணம். டிசம்பர் மழையில் நிற்கும் மரத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். பிப்ரவரி, மார்ச் வரை பாருங்கள். பூக்கவே இல்லை என்றாலும் அது காருக்கு நிழல் தருகிறதா, வேர் சுவரைத் தூக்குகிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அண்ணன் மகனின் பயம் நியாயமானது. ஆள் இல்லாத வீட்டில்தான் ஏடிஸ் குடும்பம் நடத்தும். பழைய வீட்டுக்காரர் விட்டுச்சென்ற பூச்சட்டித் தட்டு, கவிழ்க்காத வாளி, கூரை நீர்த்தாரை, டயர் இவைதான் அதன் தொட்டில். தட்டில் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு ஒட்டிக்கிடக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தால் சமாளிக்கலாம். வீட்டில் புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டம் உண்டு. நீங்கள் இன்னும் குடிபோகவில்லை என்பது சமாதானம் ஆகாது.

நத்தையும் இப்போதுதான் ஊர்வலம் வரும். ஆப்பிரிக்கப் பெருநத்தையை வெறுங்கையால் எடுக்காதீர்கள். எலியிடமிருந்து வரும் ஒருவகை நுண்புழுவை அது சுமக்கும். இரவில் டார்ச் விளக்கோடு போய்ப் பழைய இடுக்கியால் பொறுக்குவதுதான் வழி. உப்புத் தூவினால் நத்தையோடு மண்ணும் கெடும்.

சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைப் பாத்தி கிடைத்தவர்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர், உயர்த்திக் கட்டிய பாத்தி, மூன்றாண்டு ஒப்பந்தம். வடிகால் பிரச்சினை பெரும்பாலும் இருக்காது. மழைதான் பிரச்சினை. டிசம்பரில் சராசரி 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரில் தக்காளியும் மிளகாயும் நட்டால் நோய்க்குத் தீனி. மூன்றாண்டில் இரண்டு மாதம் போனால் போகட்டும் என்று கீரையோடு தொடங்குங்கள். தாழ்வாரத்தில் வளர்ப்பவர்கள் 1.2 மீட்டர் வழிவிட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். சட்டி பெருகும் வேகத்தில் அது மறந்துபோகும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது அங்குள்ள மழைக்குச் சொன்னது. இங்கே ஆடியில் புகைமூட்டம்தான் தேடாமல் வரும். நமக்கு ஒரு பட்டம் உண்டென்றால், தீபகற்ப மேற்குக் கரைக்கும் சிங்கப்பூருக்கும் அது தை. மழை குறையும், பிப்ரவரி பெரும்பாலும் வறளும். கிழக்குக் கரையில் வெள்ளம் வடிந்து மண் தேற இன்னும் சில வாரம் கூடுதலாகும்.

இதையெல்லாம் நான் அடுக்கிக்கொண்டு போனபோது அண்ணி ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"எஸ்டேட்ட விட்டு வந்து இருபத்திரண்டு வருஷம், எட்டாவது மாடியில பூச்சாடியிலதான் வளர்த்தேன். இன்னும் எத்தன நாள் காத்திருக்கச் சொல்ற? எனக்கு எழுபத்தொண்ணு."

ஒரு புதுத் தோட்டத்தை ஓர் ஆண்டு முழுதும் பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும் என்று தோட்டக்கலை நூல்கள் சொல்லும். முப்பது வயதுக்காரருக்கு அது நல்ல அறிவுரை. எழுபத்தொரு வயதுக்காரரிடம் ஓர் ஆண்டைக் கேட்பது வேறு. அதனால் அந்த வீட்டில் விதியைக் கொஞ்சம் வளைத்தோம். குச்சி நடாத, மழை விட்டதும் வடியும் ஒரு மூலை இருந்தது, வாசல் பக்கம். அங்கே மண்ணைக் கொத்தாமல், நாலு பலகையைச் சட்டம் அடித்து, வாங்கிய மண்ணும் மக்கிய எருவும் போட்டு ஒரு சிறு மேட்டுப்பாத்தி. அதில் கொடிப்பசலையும் பொன்னாங்கண்ணியும். பசலைக்கு மழை உறவுக்காரன். தண்டை ஒடித்துச் செருகினால் வந்துவிடும். செரைக்கு ஒரு ஓரம். கறிவேப்பிலை இப்போதைக்குச் சட்டியிலேயே இருக்கும். வெயில் எங்கே என்று மார்ச்சில் தெரிந்தபின் தரைக்கு இறங்கும்.

கூடவே இன்னொரு வேலையையும் அண்ணியிடம் கொடுத்தாயிற்று. மிளகாய், கத்தரி, தக்காளி விதையை டிசம்பர் கடைசி வாரத்தில் கூரைக்கடியில் நாற்றுத் தட்டில் போட வேண்டும். நாலைந்து வாரத்தில் நாற்று தயார். தைப்பூசம் முடிந்த கையோடு பெரிய சட்டிக்கு மாற்றி, நிழல் விலகியதும் தரையில் நடலாம். வெண்டைக்கும் பயற்றங்காய்க்கும் நாற்று வேண்டாம், மண் உதிரத் தொடங்கியதும் நேரடியாக ஊன்றிவிடலாம். பிப்ரவரியில் மழை நின்றுபோனால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்பதை இப்போதே வீட்டில் பேசி வையுங்கள். இளநாற்று இரண்டு நாள் வறட்சியில் போய்விடும்.

சிமெண்டு விஷயம்? குத்தகையாளர் இரண்டாவது முறை வந்தார், மழை நாளில். கார் நிறுத்துமிடத்துக்கும் சமையலறைக் கதவோரம் ஒரு மீட்டர் நடைபாதைக்கும் மட்டும், கால்வாய்ப் பக்கம் சரிவோடு, கூரைக்குழாயின் அடியில் ஒரு தொட்டியோடு புது விலை கொடுத்திருக்கிறார். வேலை பொங்கலுக்குப் பிறகு. தொட்டிக்குக் கொசுவலை மூடி வேண்டும் என்று அண்ணன் மகன் தாளில் தன் கையாலேயே எழுதிச் சேர்த்திருக்கிறான். அண்ணி தன் பங்குக்கு, குத்தகையாளரின் லாரியில் மிச்சப் பலகை இருந்தால் இன்னும் நாலு போட்டுவிட்டுப் போகும்படி சொல்லி வைத்திருக்கிறார்.